ஒரு தறியைக் கொடுங்கள்



‘சென்சார் வைத்த தானியங்கிக் கருவிகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் ரோபோ, வெளிநாட்டு இயந்திரம், கோடிக்கணக்கில் முதலீடு என்று மனசு ஓடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் ஓடுகிற சாதாரண விசைத்தறி ஏன் நிற்கிறது, நின்றது யாருக்குத் தெரிகிறது? என் பேச்சு இவ்வளவுதான்.

தானே உணர்ந்து நிற்கும் தறி புதிதல்ல. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். 1896-இல் மரமும் இரும்பும் சேர்த்து ஒரு விசைத்தறி செய்தார். ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால் அது தானே நின்றுவிடும். 1924-இல் வந்த அவருடைய ‘ஜி’ வகைத் தறி, ஓட்டம் நிற்காமலே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றிக்கொண்டது. உலகத்துக்கே தறி விற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம், 1929-இல் அந்தத் தறியின் காப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கியது. இன்று டொயோட்டா என்றால் கார்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டுக்கு முதல் சோறு போட்டது தறி.

நம் கணக்குக்கு வருவோம். தறி நிமிடத்துக்கு 120 ஊடை அடிக்கிறது, துணியில் அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2 அங்குலம். மணிக்கு 10 அடி. ஏறக்குறைய 3 மீட்டர். ஒரு ஷிப்டில் தறிக்கு 1 மணி நேரம் வீணானால், 24 தறி ஓடும் தறிக்குடோனில் 70 மீட்டருக்கு மேல் துணி போச்சு! மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில் இது சின்ன நஷ்டமா?

அந்த ஒரு மணி நேரமும் ஒரேயடியாகப் போவதில்லை. நாடாவுக்குள் இருக்கும் தார் நூல் தீர்ந்து இரண்டு நிமிடம், நூல் முடிய ஐந்து நிமிடம் என்று கரைகிறது. ஒரே ஆள் பல தறி பார்க்கிறார். அத்தனை இரைச்சலில், கடைக்கோடியில் ஒரு தறி நின்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத நஷ்டம் தனி. ஊடை அறுந்தால் நிறுத்தும் முள் நம் தறிகளில் உண்டு. பாவு, அதாவது நீள நூல், அறுந்தால் நிறுத்தும் ஏற்பாடு பழைய தறிகள் பலவற்றில் இல்லை. ஒரு பாவு நூல் அறுந்தது தெரியாமல் ஓடினால், துணி நெடுகக் கோடு விழும். மடிக்கும்போதுதான் கண்ணில் படும்.

இதற்கு உலகம் கண்ட வழி மிக எளிது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே உள்ள சட்டத்தின்மேல் விழும், மின்சுற்று கூடும், தறி நிற்கும். அந்தத் தகடுதான் சென்சார்.

பொறியியல் மாணவர்களே, நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாதிரி இதைவிட எளிது. கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிராக்சிமிட்டி சென்சார், எண்ணுவதற்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். எண்ணிக்கை நின்றால் தறிக்கு மேலே சிவப்பு விளக்கு எரியட்டும். பாவு, தார், மின்சாரம், மற்றவை என்று நான்கு பொத்தான் வையுங்கள். நின்ற காரணத்தைத் தறிக்காரர் அழுத்தட்டும். சில வாரம் ஓடினால், எந்தத் தறிக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஆய்வுக்கூட மேசையில் அழகாக எண்ணிய கருவி, குடோனுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும். ஒளியை நம்பும் சென்சாரின் கண்ணில் பஞ்சு படியும். இரும்பை உணரும் இண்டக்டிவ் சென்சார் பஞ்சைப் பொருட்படுத்தாது. மோட்டாரை நிறுத்திப் போடும்போது மைக்ரோகன்ட்ரோலர் போர்டு அணைந்து எழுந்து, எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். அதற்குத் தனி பவர் சப்ளையும், சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவே ஆப்டோகப்ளரும் வேண்டும். செருகி வைத்த ஒயர் அதிர்விலேயே கழன்றுவிடும். இவற்றையெல்லாம் குடோனில் நின்றுதான் கற்க முடியும்.

‘நம்மை வேவு பார்க்கவா இந்தப் பெட்டி?’ என்று தொழிலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. முதலாளிமார்களே, விளக்கு எரிந்ததற்கெல்லாம் ஆளைத் திட்டினால், மறுநாள் சென்சார்மேல் கந்தல் துணி சுற்றியிருக்கும்! பாவு அடிக்கடி அறுந்தால், முதலில் நூலையும் அதற்குப் போட்ட கஞ்சியையும் பாருங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் மாட்டுங்கள். துணி கூடினால் கூலியும் கூடும் என்று தெரிந்தால், அந்தப் பெட்டியை அவரே துடைத்து வைப்பார்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. தறி உரிமையாளர்களே, ஒரே ஒரு தறியை மாணவர்களிடம் சோதனைக்குக் கொடுங்கள். பேராசிரியர்களே, கண்காட்சி மேசையில் ஒரு நாள் மினுக்கிய கருவிக்கு மதிப்பெண் போடாதீர்கள். குடோனில் ஒரு மாதம் ஓடியதற்குப் போடுங்கள். மாணவர்களே, கடைக்குப் போய் சென்சார் வாங்குமுன், தறிக்காரர் அண்ணனிடம் போய் “எது உங்களை அதிகம் படுத்துகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் பதிலிலிருந்து வேலையை ஆரம்பியுங்கள்.