நாழிகைக் கணக்கு



துணிக்கடைக்காரர் துணியை அளந்து கொடுக்கிறார். மளிகைக் கடைக்காரர் பருப்பை நிறுத்துக் கொடுக்கிறார். கணக்குத் தணிக்கையாளனாகிய நான் எதை அளந்து கொடுக்கிறேன்? ‘என் அறிவை’ என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அறிவை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. வாடிக்கையாளரின் இலாபத்தில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதையும் 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே, அந்த அறிவைச் செலவிட்ட நேரத்தை அளப்பதே எங்களுக்கு எஞ்சிய நேரிய வழி. வழக்கறிஞருக்கும் கட்டடக் கலைஞருக்கும் இது ஓரளவு பொருந்தும். அந்த அளவைக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கப் புகுந்து, ஒருமுறை தவறி, மறுமுறை ஒருவாறு தேறிய கதையை இன்று சொல்ல விரும்புகிறேன். எதன் பெயரையும் சொல்லப் போவதில்லை. இது விளம்பரப் பேச்சு அன்று.

நேரத்தை அளந்து தொழில் நடத்தும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியதற்குப் பெரிதும் காரணமானவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்னும் வழக்கறிஞர். பாஸ்டன் நகரில் ஏழைகளுக்குச் சட்ட உதவி புரியும் சங்கத்தில் பணியாற்றிய அவர், 1919இல் அந்நகர வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றை நிர்வகிக்கச் சென்றார். ஒரு மணியைப் பத்தாகப் பகுத்து, 6 நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டு, அன்றாடம் குறிக்கும் முறையை அவர் வகுத்தார். ‘அன்றாடம்’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நான் தவறியது அங்கேதான்.

திருச்சிராப்பள்ளியில் எங்கள் அலுவலகம் சிறியது. பங்குதாரர் இருவர், பயிற்சி மாணவர் நால்வர், எழுத்தர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளை விளக்கிக் காட்ட ஒருவர் வந்தார். வண்ண வண்ண வரைபடங்கள்! ஒவ்வொரு மாணவரின் உழைப்பும் கோபுரம் கோபுரமாக எழுந்து நின்றது. நான் மயங்கினேன், ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினேன். ஒரு பதிவைச் செய்ய ஐந்து திரைகளைக் கடக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. ஏனெனில், பதிவு செய்யப் போகிறவன் நான் அல்லேன். மாணவர்கள் செய்தது இயல்பானதே. வாரம் முழுவதும் விட்டுவிட்டுச் சனிக்கிழமை மாலை ஒன்றாக அமர்ந்து, நினைவில் வந்ததையெல்லாம் நிரப்பினார்கள்.

அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர் எங்கள் பில்லோடு நேரில் வந்தார். என் தந்தையார் காலத்திலிருந்து எங்களிடம் வருகிறவர். ஒரு வரியின்மீது விரலை வைத்து, “ஆடிட்டர் சார், ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஆலையில் நான்கு மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று ஆலையைப் பூட்டிவிட்டு எல்லாரும் காவிரிக்குப் போய்விட்டோமே!” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னைக் கூசச் செய்தது. பில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பிறர் கணக்கில் பிழை தேடுவதையே தொழிலாகக் கொண்டவன், என் கணக்கில் ஒரு பொய்க்குக் கையொப்பம் இட்டிருந்தேன்.

மாணவனைக் கேட்டேன். “அந்த வாரத்தில் நான்கு மணி நேரம் அங்கே வேலை செய்தது உண்மை, சார். எந்த நாள் என்பதுதான் நினைவில்லை” என்றான். அவன் பொய்யன் அல்லன். பொய்யாக எழுதுவதை எளிதாகவும் மெய்யாக எழுதுவதை அரிதாகவும் ஆக்கி வைத்தவன் நான்.

மறுமுறை விளக்கிக் காட்ட எவரையும் அழைக்கவில்லை. மூன்று மென்பொருள்களைச் சோதனைக்குப் பெற்று, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் உண்மையான வேலைக்கே பயன்படுத்தினோம். அலுவலகத்தில் மிக இளையவளான மாணவியின் தீர்ப்புக்கே முதலிடம் தந்தோம். நாள்தோறும் எழுதப் போகிறவள் அவள்.

நாங்கள் கேட்ட கேள்விகள் இவை. முதலாவது, வேலை முடிந்த இடத்திலேயே, கைபேசியில், அரை நிமிடத்துக்குள் பதிவு செய்ய இயலுமா? இரண்டாவது, நேரத்தை எவ்வாறு கூட்டுகிறது? ஒவ்வொரு பதிவையும் கால் மணியாக உயர்த்தும் ஏற்பாட்டில், 5 நிமிடத் தொலைபேசிப் பேச்சு நான்கு சேர்ந்தால் ஒரு மணி ஆகிவிடும். பேசியதோ 20 நிமிடமே. ஸ்மித்தின் அலகில் அது 24 நிமிடம்.

மூன்றாவது, பதிந்த நேரம் மறுபடி எழுதப்படாமலே பில்லாக மாறுமா? ஜி.எஸ்.டி. விதிப்படி, பொதுவாகச் சேவை வழங்கிய 30 நாளுக்குள் பில் எழுதியாக வேண்டும். பெயர்த்தெழுதும்போது காலமும் போகிறது, பிழையும் புகுகிறது. நான்காவது, வரிப் பிடித்தத்தை அறியுமா? கட்டணம் ரூ. 1,00,000 என்றால், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து பில் ரூ. 1,18,000. வாடிக்கையாளரான கம்பெனி, கட்டணத்தில் 10 விழுக்காட்டை வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டு ரூ. 1,08,000 அனுப்பும். எஞ்சிய ரூ. 10,000ஐ நிலுவை என்று கருதி நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் மென்பொருளால் மனத்தாங்கலே மிஞ்சும்.

ஐந்தாவது, நாளை நாங்கள் விலகினால் எங்கள் பதிவுகள் முழுவதையும் எடுத்துச் செல்லலாமா? அவற்றை வேறு யார் பார்க்கக்கூடும்? வாடிக்கையாளரின் செய்தியை அவர் இசைவின்றி வெளியிடுவது எங்கள் தொழிலில் ஒழுக்கக்கேடு.

மூன்றில் ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாணவரின் கணினித் திரையைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியது. அந்த மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “சார், இது நேரத்தை எழுதவா, எங்களை வேவு பார்க்கவா?” அதை அன்றே நீக்கினோம். இப்பொழுது என் நேரமும் அதே பட்டியலில், எல்லாரும் காணும்படி பதிவாகிறது.

ஓராண்டுக்குப் பின் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பள்ளி அறக்கட்டளையின் தணிக்கைக்கு நாங்கள் மதிப்பிட்டதில் பாதி நேரமே ஆகியிருந்தது. ஒரு சிறு கடைக்காரரின் மாதக் கணக்குக்கோ மூன்று மடங்கு ஆகியிருந்தது. அறக்கட்டளைக்குக் கட்டணத்தைக் குறைத்தோம். கடைக்காரருக்கு உயர்த்தவில்லை, பில்களை நாள்வாரியாக அடுக்கி வைக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தோம். நேரம் தானே இறங்கியது. மனம் போன போக்கில் கட்டணம் எழுதிய நாள்களில் இவ்விரண்டும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

துலாக்கோலை விலை கொடுத்து வாங்கலாம். தட்டில் உள்ளதை உள்ளபடி அன்றன்றே வைப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு இடையூறு செய்யாத மென்பொருளே நல்ல மென்பொருள்.

அந்த அரிசி ஆலை உரிமையாளர் இன்றும் எங்களிடம் வருகிறார். பில்லைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதில்லை. முதலில் தேதிகளைத்தான் படிக்கிறார். படிக்கட்டும்.