நோயாளிக்கு ஓர் ஆள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த நோயாளர் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நோயாளிக்கும், அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் கைப்பேசியும் கணினியும் எவ்விதம் துணை செய்யக்கூடும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. கோவில் வளாகத்தில் பேசுவதற்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலருக்குத் தோன்றலாம். ஏற்றதே என்பது என் எண்ணம். யோவான் நற்செய்தியில், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவரைப் பற்றி வாசிக்கிறோம். ஆண்டவர் எடுத்த எடுப்பில் அவரைக் குணமாக்கிவிடவில்லை. நலம்பெற விருப்பமுண்டா என்று முதலில் அவரையே கேட்டார். அதற்கு அந்த மனிதர் முறையிட்டதெல்லாம், தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதுதான். மருந்து என்று அவர் நம்பியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; உதவ ஓர் ஆள்தான் இல்லை. நோயாளியைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு ஓர் ஆள் வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம்மில் பலர் தினந்தோறும் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடந்து போகிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில், வெல்ஸ் என்ற ஊருக்கு அருகே மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். காசநோய் என்று கருதப்பட்ட நிலையில் நம் கணித மேதை இராமானுஜன் 1917-ல் சில காலம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். தாயும் மனைவியும் கடலுக்கு அப்பால். வீட்டுக்கும் நோயாளிக்கும் இடையே கப்பல் தபால் ஒன்றே வழி. ஒரு கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

1937-ல் தாம்பரம் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, சத்துணவு. இந்த முறையை மாற்றியது நம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சிதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி மையத்தார், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். முடிவு 1959-ல் வெளியாயிற்று. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவிவிடவில்லை. உலகம் முழுவதும் இந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அன்றே ஒரு புதிய கேள்வியும் பிறந்தது. மருத்துவமனையில் செவிலியர் வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பார். வீட்டில் யார் கொடுப்பது? காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திற்குள்ளாகவே பலருக்கு இருமல் குறைந்து, பசி எடுத்து, எடையும் கூடிவிடும். குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருகிறது. சில சமயம் மருந்துக்கே அடங்காத நோயாக வருகிறது. சுகாதார ஊழியர் முன்னிலையில் மாத்திரை விழுங்கும் முறை வந்தது. பல்லாவரத்திலோ பம்மலிலோ நாட்கூலிக்குப் போகிறவர், மாத்திரைக்காக அரைநாள் கூலியை இழக்க முடியுமா?

இந்த இடத்தில்தான் கைப்பேசி உள்ளே வருகிறது. 2012-ல் மத்திய அரசு 'நிக்ஷய்' என்ற கணினிப் பதிவேட்டைத் தொடங்கியது. நாட்டின் காசநோயாளிகள் அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது அதன் நோக்கம். அதன்பின் '99டாட்ஸ்' என்ற எளிய முறை நடைமுறைக்கு வந்தது. மாத்திரை அட்டையை ஒரு காகித உறைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணை அழைத்தால் காசு செலவில்லாமல், அன்றைய மாத்திரை எடுத்தாயிற்று என்று கணினியில் பதிவாகும். அழைப்பு வராவிட்டால் நோயாளிக்கு நினைவூட்டும் செய்தி போகும், ஊழியருக்கும் தெரியவரும். பேசாமலே பேசும் இந்த ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும். சென்னை, வேலூர், மும்பை ஆகிய ஊர்களில் ஆராய்ச்சியாளர்கள் முன்னறிவிப்பின்றி நோயாளிகளின் வீட்டுக்குச் சென்று, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, இந்தப் பதிவோடு ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பதிவும் உண்மையும் பல சமயம் ஒத்துப்போகவில்லை. மருந்து சாப்பிட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள்; அழைத்தும் மருந்து சாப்பிடாதவர்களும் இருந்தார்கள். இதில் வியப்பென்ன? மாத்திரை குமட்டுகிறது என்று அந்த எண்ணிடம் சொல்ல முடியாது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் மகன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றால் கணினிக்குப் புரியாது. கருவி செய்தியைக் கொண்டுபோகும். நோயாளியின் மனத்தை அறிய, அருகில் உட்கார ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் தரக்கூடிய இடம் நம் பங்கு.

இனி நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, செய்தியை நோயாளியின் மொழியில், நோயாளியின் கையில் சேர்ப்பது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டைப் பலர் பைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். நம் இளைஞர்கள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொடுக்கலாம். எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, காசநோய் பற்றிக் கேட்க 1800-11-6666 ஆகிய எண்களையும் அதில் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, உரிமையைப் பெற்றுத் தருவது. காசநோயாளியின் சத்துணவுக்காக அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் சேரும் பணம் அது. கணக்கு விவரம் சரியாகப் பதிவாகாவிட்டால் வந்து சேராது. நம் வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு நாள் உடன் சென்று கேட்டால் இந்தச் சிக்கல் தீரக்கூடும்.

மூன்றாவது, கவனித்துக்கொள்பவரைக் கவனிப்பது. கணவனுக்குச் சோறு, மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஓடும் அந்தத் தாயின் கைப்பேசிக்கு எத்தனை நினைவூட்டல் வந்தாலும், அவளுக்கு அது இன்னொரு சுமைதான். வாரம் ஒரு மாலை மரியாயின் சேனைச் சகோதரிகள் சென்று நோயாளியின் பக்கத்தில் இருந்தால், அவள் இரண்டு மணி நேரம் கண்ணயரலாம்.

நான்காவதாகச் சொல்வதைத் தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அது இரகசியம். தாம்பரம் மருத்துவமனை, அஞ்சி ஒதுக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளை 1993 முதல் ஏற்றுக்கொண்டது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கப்பட்டபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. அங்கே வந்தவர்களில் எத்தனையோ பேர் நோயைவிட ஊர்ப் பேச்சுக்கு அஞ்சினார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ளது என்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் இன்று நாம் என்ன செய்கிறோம்? ஜெபத்திற்காக என்று சொல்லி, நோயாளியின் பெயர், நோய், வார்டு எண், மூக்கில் குழாய் செருகிய படம் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் போட்டுவிடுகிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தச் செய்தி பெண் பார்க்க வரும் வீட்டுக்கும், வேலை கொடுக்கும் முதலாளிக்கும் போய்ச் சேரும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரகசியத்தை உயிரினும் மேலாகக் காக்கும் திருச்சபையின் பிள்ளைகள் நாம். நோயாளியின் படுக்கையருகே கேட்டதையும் அதே மரியாதையோடு காக்க வேண்டாமா? பெயரும் நோயும் சொல்லாமல் ஜெபியுங்கள். ஆண்டவருக்கு ஆள் தெரியும். எந்தக் கைப்பேசி எண்ணைப் பதிவில் கொடுக்கலாம், யாருக்குச் சொல்லலாம் என்பதையும் நோயாளியையே கேளுங்கள். குளத்தருகே ஆண்டவர் செய்தது அதுதான்.

அன்பர்களே, 1993 முதல் பிப்ரவரி 11-ஆம் நாளை, லூர்து அன்னையின் திருநாளை, உலக நோயாளர் தினமாகத் திருச்சபை கொண்டாடி வருகிறது. அடுத்து வரும் அந்த நாளுக்குள், ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இருவர் முன்வரட்டும். செய்தியை எடுத்துச் சொல்லத் தெரிந்த ஓர் இளைஞர். செய்தியைக் காக்கத் தெரிந்த ஒரு பெரியவர். இவர்களுக்குக் கட்டடம் வேண்டாம், நிதி திரட்ட வேண்டாம். தமக்கு ஆள் இல்லை என்று சொல்லும் நோயாளி ஒருவரும் நம் பங்கின் எல்லைக்குள் இல்லை என்ற நிலை வருமானால், நம் பொன்விழாவுக்கு அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.

 இறைவன் நம் நோயாளிகளையும், அவர்களைக் காக்கும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.