மண்ணும் நமது பெயரும்

(காஞ்சிபுரத்தில் நமது சங்கத்தாரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பஞ்சபூதத் தலங்களுள் பிருதிவித் தலமாய் விளங்குவது நமது கச்சி ஏகம்பம். ஆண்டுள்ள மூர்த்தி மண் திருமேனியாதலின், திருமேனிக்கு நீராட்டு இல்லை. மண்ணையே இறைவனாகக் கண்ட ஊரில், மட்கலம் வனையும் நாம் நமது தொழிலை இழிவென்று எண்ணலாமோ?

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்களையைக் கைப்பற்றிய பின், நம் பிள்ளைகளிற் பலர் சக்கரத்தை விட்டகன்றனர். வயிற்றுப்பாட்டை முன்னிட்டு அகன்றோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின், நாம் கைவிடும் அம்மண்ணையே பிறர் கலைப்பொருளாகப் போற்றுகின்றனர்.

1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மட்கலச் சாலையை நிறுவினர். நமது சூளையின் வெப்பம் பெரும்பாலும் 1,000 பாகைக்குள் அடங்கும். அவர்களுடையதோ 1,300 பாகையை நெருங்கும். அவ்வனலில் அதற்குரிய மண் கல்லென இறுகும், நீர் கசியாது. நமது பானையோ நுண்துளை வழியே நீரைக் கசியவிட்டு, அது ஆவியாகுங்கால் உள்ள நீரைக் குளிர்விக்கும். சூட்டினால் குணம் வேறாயிற்றேயன்றி, உயர்வு தாழ்வு இல்லை. அச்சாலையிற் பயின்றோர் பலர் இன்று பெயர் பெற்ற கலைஞர்கள். 2018-இல் ஜெய்ப்பூரில் மட்கலைக்கெனவே பெருங் கண்காட்சி நடைபெற்றது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமி அவர்கள் 2020-இல் பத்மஸ்ரீ விருதுக்குரியவரானார்.

இக்கலை நமக்குப் புதிதன்று. ஆளுயரத்திற்கு மேற்பட்ட ஐயனார் குதிரையை உட்குடைவாக எழுப்பி, வெடிப்பின்றிச் சுட்டெடுத்தவர் யாவர்? நம் முன்னோரே. கலியாணத்திற்கு அரசாணிப் பானை தந்ததும் அவர் கையே. ஆனால் அவற்றில் வனைந்தவர் பெயர் இல்லை. நமது ஊர்ப் பட்டு, காஞ்சிபுரம் என்னும் பெயராலேயே உலகெங்கும் விலை பெறுகின்றது. நமது பானையோ, எவ்வூரார் செய்ததென்று அறியப்படாமலே சந்தையில் விலைபோகின்றது.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டுகின்றோம். செய்யும் கலத்தின் அடியில், சுடுமுன்னரே, தம் பெயரையும் ஊரையும் பொறித்தல் வேண்டும். விருப்பமுள்ள பிள்ளைகள், ஆண் பெண் என்ற பேதமின்றி, உயர்வெப்பச் சூளையும் கண்ணாடிப் பூச்சும் பயிலச் சங்கம் பொருளுதவி செய்தல் வேண்டும். பலகையும் கல்லும் கொண்டு தட்டி உருவாக்கும் முதியோர் கைத்திறனை, அவர்கள் உள்ள போதே இளையோர் கற்றல் வேண்டும். புதுமை நிற்பதற்கு அதுவே அடிமண்.

பிறர் நமது கலையைப் போற்றுவது கண்டு மகிழ்வோம். அப்போற்றுதலில் நமது பிள்ளைகளுக்கும் பங்குண்டாகச் செய்வது நமது கடமை.