கடை திறந்த நாளும் கபர் தோண்டிய நாளும்

(அடி அண்ணாமலையில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

இந்த ஊர்க் கடைத்தெரு யாரை நம்பி இருக்கிறது? பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் மக்களை நம்பி இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கிரிவலம் நின்றது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு பௌர்ணமி வந்தது, கூட்டம் வரவில்லை. டீக்கடைக்காரரும் பழக்கடைக்காரரும் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'எப்போது திறப்பார்கள்?' என்றுதான் எல்லோரும் கேட்டோம். 'எப்படித் திறக்க வேண்டும்?' என்று கேட்டவர் எத்தனை பேர்?

கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு அடைப்பு என்றார்கள். முந்தின நாளே கடைகளில் மக்கள் முண்டியடித்தார்கள். மே 5இல் கோயம்பேடு சந்தையையே மூட வேண்டியதாயிற்று. அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பினார்கள். நோயும் கூடவே போனது. காய்கறிச் சந்தை மீண்டும் திறக்க செப்டம்பர் 28 ஆயிற்று!

அதற்குச் சில வாரம் முன்புதான் டெல்லி தப்லீக் கூட்டத்தைக் காட்டி நம் சமுதாயத்தின் மீது பழி போட்டார்கள். வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை ரத்து செய்தது. கிருமிக்கு மதம் கிடையாது. ஆனால் நெரிசல் யாருடையதானாலும் நெரிசல்தான். இதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அலையின் கணக்கைப் பாருங்கள். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதுதான் உச்சம். அதன்பின் தொற்று இறங்கியது. சாவு இறங்கியதா? இல்லை! மே 30 அன்று 493 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது.

வணிகர்களே, கடனுக்குச் சரக்கு எடுத்தவன் அன்றைய கல்லாவைப் பார்த்து லாபம் என்று சொல்வானா? இதுவும் கடன்தான். இன்று தொற்றியவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல், சாவு வருவதென்றால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்து. 'திறந்து ஒரு வாரமாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே' என்பவர் தவணை வருமுன்பே லாபம் பேசுகிறார்.

அப்படியானால் திறக்கவே கூடாதா? அப்படியும் இல்லை. 2020 ஜூனில் தொற்று ஏறும்போதே தளர்த்தினார்கள்; 19ஆம் தேதி சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மீண்டும் பூட்டினார்கள். 2021 ஜூனில் தொற்று இறங்கும்போது படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஜூலை 5இல் பள்ளிவாசல்களும் கோயில்களும் திறந்தன. தொற்று தொடர்ந்து இறங்கியது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது தினசரித் தொற்று முப்பதாயிரத்தைத் தாண்டியது. சாவோ முந்தைய மே மாதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வந்த கிருமியின் வீரியமும் குறைவு, தடுப்பூசியும் காத்தது. ஆக, திறந்த தேதி மட்டும் உயிரைக் காக்காது. திறக்கும்போது ஊரில் எவ்வளவு நோய், எவ்வளவு நெரிசல், எத்தனை பேருக்கு ஊசி என்பதே கணக்கு.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்பது அண்ணலார் (ஸல்) காட்டிய வழி. ஷாம் நாட்டின் எல்லையில் நோய்ச் செய்தி கேட்ட கலீஃபா உமர் (ரலி) திரும்பினார்கள். அது கோழைத்தனமா? இல்லை, பொறுப்பு!

இனியொரு நோய் வந்து, இனியொரு அடைப்பு நீங்கினால் என்ன செய்வீர்கள்? முதல் நாளே தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். முதியவர் வீட்டுக்குச் சரக்கை இளைஞர்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று வாரம் நிதானம் காட்டுங்கள். ஊசி வந்தால் முதல் வரிசையில் நில்லுங்கள்.

அன்று உறவினரே தொட அஞ்சிய உடல்களை, எம்மதத்தவராயினும், நம் இளைஞர்கள் சுமந்தார்கள். பெருமைதான். ஆனால் அதைவிடப் பெரிய பெருமை எது தெரியுமா? கபர் தோண்டும் வேலையே வராமல் கடையைத் திறப்பது!