‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’: துணிக்கடையில் ஒரு ஸ்டூல்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் துணிக்கடை வேலைக்குச் சேர்ற பொண்ணுங்க முதல் நாளே கேட்கிற வாக்கியம் ஒண்ணு உண்டு: “இங்க நாம எல்லாம் ஒரே குடும்பம்மா.” இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

அது பொய்னு சொல்ல மாட்டேன். எங்க அக்கா பெரம்பலூர்ல ஒரு கடையில பல வருஷமா சேல்ஸ்ல இருக்கா. அவ கல்யாணத்துக்கு முதலாளி அட்வான்ஸ் கொடுத்தார், மொய்யும் வச்சார். அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ கூட வேலை பார்க்கிறவங்கதான் மாத்தி மாத்தி சாப்பாடு கொண்டு வந்தாங்க. பருத்திக்காட்டுல வெயில்ல நின்ன பொண்ணுக்கு ஃபேனுக்குக் கீழ வேலைங்கிறதும் சின்ன விஷயமில்லை.

ஆனா அதே கடையில காலை 10 மணியிலிருந்து ராத்திரி 9 வரைக்கும் நிக்கணும். ஆளே வராத மதியத்துலயும் நிக்கணும். கால் வீங்கிடும். “ஒரு ஸ்டூல் கேளேன்”னு சொன்னேன். “கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர்கிட்ட ஸ்டூல் வேணும்னு எப்படிடி கேக்கிறது?”ன்னா. குடும்பம்னு சொன்ன இடத்துல உரிமையைக் கேட்டா நன்றிகெட்டத்தனமாத் தெரியுது. சிக்கல் அங்கதான்.

கோழிக்கோட்டுல கடைப் பெண்கள் கேட்டாங்க. தையல் வேலை பார்த்த விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் வருஷக்கணக்கா போராடினாங்க. 2018ல கேரளா சட்டத்தைத் திருத்துச்சு. 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையிலயும் மசோதா வந்துச்சு. கொண்டு வந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். பெரம்பலூருக்குப் பக்கத்துல இருக்கிற திட்டக்குடி தொகுதிக்கு அப்போ எம்.எல்.ஏவா இருந்தவர். அப்படித்தான் 1947ம் வருஷத்து கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22ஏ பிரிவு சேர்ந்துச்சு. வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும்.

அக்கா கடைக்கும் 4 பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துச்சு. ரொம்ப நாள் அதுல துணிக்கட்டுதான் உட்கார்ந்திருந்துச்சு! யாரும் தடுக்கல. முதல்ல யார் உட்கார்றதுன்னுதான் தயக்கம். ஒருநாள் மதியம், கடையிலேயே மூத்த ஒரு அம்மா கட்டைத் தூக்கிக் கீழ வச்சுட்டு உட்கார்ந்தாங்க. மறுநாள் அக்காவும் உட்கார்ந்தா.

இதுல நமக்கும் வேலை இருக்கு. ஊழியர் உட்கார்ந்திருந்தா கஸ்டமர் மரியாதைக்குறைவா நினைப்பாங்கன்னுதான் கடைக்காரங்க பயப்படுறாங்க. அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்போ, உங்களைப் பார்த்ததும் ஸ்டூல்ல இருந்து பதறி எழுந்திருப்பாங்க. “உட்காருங்கக்கா, நான் மெதுவா பார்க்கிறேன்”னு சொல்லுங்க. முதலாளி காதுல விழற மாதிரியே சொல்லுங்க.