டி.ஓ.பி.க்கு மாற்று என்ன?



ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போனவன் நான். பி.வி.சி. தூளில் டி.ஓ.பி. எண்ணெய் கலப்பது என் வேலை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை வளைய வைப்பது இந்தத் தாலேட் எண்ணெய்தான். ஆனால் அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. மெல்ல மெல்லக் கசியும். குழந்தை வாயில் வைக்கிற பொம்மையிலிருந்தும் கசியும். விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிப்பது தெரிந்தபின், ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் பொம்மைகளுக்கு 0.1 சதவீத வரம்பு கட்டியது.

மாற்று உண்டா? உண்டு. சிட்ரேட், டி.ஓ.டி.பி., ஆமணக்கெண்ணெயில் செய்வது, எபாக்சி சோயா எண்ணெய். சோயா அளவு மீறினால் மேலே பிசுபிசுக்கும். ரத்தப் பையில் வேறு சிக்கல்: சிவப்பணு சிதையாமலிருக்கப் பழைய எண்ணெயே உதவுகிறது. ஆக, எல்லாத்துக்கும் ஒரே மாற்று கிடையாது.

"விலை கூடும்னா வேணாம் சார்" என்று வாங்குபவர் சொன்னபோது நானும் தலையாட்டியிருக்கிறேன். நீங்கள் ஆட்டாதீர்கள். ஒரு துண்டு டியூபை எடை போட்டு, ஹெக்சேனில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் உங்கள் முதல் கேள்வி.