சிறை மீண்டோர் துணைவராகட்டும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சிறையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். கல்வி பள்ளிக் கட்டடத்தோடு முடிவதன்று. பட்டறிவும் கல்வியே. நம் முன்னோர்க்கு ஏடு மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களை வாழவைத்தது அந்தக் கல்விதான். பட்டறிவுகளில் மிகக் கசப்பானது சிறைப்பட்ட பட்டறிவு. அதனைப் பிறர்க்கு உதவும் பணியாக மாற்ற இயலுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் வகுப்பினர் 16.6 விழுக்காடு. சிறைகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம்மவர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவர் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை. பிணைக்குப் பணமின்றியும், வாதாட வழக்கறிஞரின்றியும் அடைபட்டுக் கிடக்கும் ஏழைகள் அவர்களுள் எத்தனையோ பேர்.

உள்ளே சென்றவனைச் சாதி விட்டுவிடுகிறதா? இல்லை. சமைப்பதற்கு ஒரு சாதி, கழிவறை கழுவுவதற்கு ஒரு சாதி என்று பல மாநிலச் சிறை விதிகள் பகுத்து வைத்திருந்தன. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குச் சென்றது. 2024 அக்டோபர் 3ஆம் நாள் அந்நீதிமன்றம் இத்தகைய விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. அண்ணல் அம்பேத்கர் வகுத்தளித்த 17ஆம் பிரிவு சிறைச் சுவருக்குள் நுழைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

விடுதலையானவன் நிலை என்ன? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 30,237 பேரை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அம்மாநிலத்தின் பிற மக்களைக் காட்டிலும் 12.7 மடங்கு என்று அது கண்டது. அளவுமீறிய போதைப்பொருளே முதற்காரணம். அந்நாட்டுச் சூழல் வேறு, நம் சூழல் வேறு. எனினும், கதவு திறந்த நாளே துன்பம் தீர்ந்த நாளன்று என்பது இரு நாட்டுக்கும் பொது.

அந்த நாள்களில் துணை நிற்கத் தகுந்தவர் யார்? அவ்வழியே நடந்து மீண்டவரே என்ற விடையை அமெரிக்காவில் நடைமுறையாக்கினர். மனநோயிலிருந்து மீண்டவர்களைப் பயிற்றுவித்து, அவர்களின் பணிக்கு வறியோர்க்கான அரசு மருத்துவத் திட்டத்திலிருந்தே ஊதியம் கிடைக்க ஜார்ஜியா மாநிலம் 1999இல் வழி செய்தது. பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை ஆகிய மூன்றும் வேண்டும் என 2007இல் நடுவண் அரசு நெறி வகுத்தது. சிறை மீண்டோரையும் இப்பணிக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சிகள் பின்னர்ப் பல மாநிலங்களில் தோன்றின. சான் பிரான்சிஸ்கோ நகரில் 2006இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையில், விடுதலையானோர்க்குத் துணைநிற்கும் நலப் பணியாளர்களே சிறை கண்டவர்கள். 200 பேரைக் கொண்டு அங்கு நடத்திய ஒப்பீட்டில், இத்துணை பெற்றோர் அவசரச் சிகிச்சைப் பிரிவை நாடியது மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியளவே.

சிறைக்குப் போய் வந்தாலே ஒருவர் துணைவராகிவிடுவாரா? ஆகார். அதனால்தான் பயிற்சி. குறுக்கிடாமல் கேட்கப் பழக வேண்டும். தன் கதையைத் தன் ஆறுதலுக்காக அன்றி, எதிரில் இருப்பவரின் தேவைக்காக மட்டும் சொல்ல வேண்டும். கேட்டதை வெளியிடலாகாது. தற்கொலை எண்ணத்தை இனங்கண்டு உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தன்னால் ஆகாததை ஆகாது என்று ஒப்ப வேண்டும். மற்றொன்றும் சொல்வேன்: நம் சிறைகளில் கைதிகளிலேயே சிலரைக் கண்காணிகளாக்கிப் பிறரை அடக்கும் வழக்கம் வெள்ளையர் காலத்திலிருந்து உண்டு. துணைவர் கண்காணி அல்லர். அவர் கையில் கோலும் இல்லை, சாவியும் இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வித்து உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டம்சார் தன்னார்வலர் திட்டத்தை வகுத்தது. நீண்ட தண்டனை பெற்ற, நன்னடத்தை உடைய, கற்ற கைதிகளும் அதில் பயிற்சி பெறலாம். உடனிருப்போர்க்கு மனு எழுதவும், இலவச வழக்கறிஞர் உதவி பெறவும் அவர்கள் வழிகாட்டுகின்றனர். அத்தகையவர் விடுதலையாகி ஊர் திரும்பியதும் அவருடைய அறிவு திண்ணையில் முடங்கிக் கிடப்பதா? அதைக் காத்துப் பயன்கொள்வது நம் போன்ற சங்கங்களின் கடமை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, சிறை மீண்ட ஆடவர், மகளிர் சிலரைத் தேர்ந்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அரசு மனநல மருத்துவரையும் அணுகி, முறையான பயிற்சி பெறச் செய்க. இரண்டாவது, அவர்கள் உழைப்புக்கு ஊதியம் தருக. காலங்காலமாகக் கூலியின்றி உழைத்த மக்கள் நாம். தொண்டு என்ற பெயரால் அதனை நாமே தொடரலாகாது. மூன்றாவது, சிறைப்பட்டோரின் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காதபடி காக்க.

ஒரு கேள்வி எழலாம். குற்றம் செய்தவர்க்கு இத்துணைச் சிறப்பா? அவர்களால் துன்புற்றோரின் கண்ணீரை நான் மறுக்கவில்லை. தண்டனையை நீதிமன்றம் அளந்து கொடுத்தது. அதை அவர்கள் கழித்துவிட்டனர். அதன் பின்னும் நாம் கொடுக்கும் தண்டனைக்கு அளவில்லை. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. அது நாடெங்கும் ஒழிய 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறப்பால் வந்த பழியை எதிர்த்துப் போராடும் நாம், கழித்து முடித்த குற்றத்தை ஒருவர் நெற்றியில் ஆயுளுக்கும் எழுதி வைக்கலாமா?

இளைஞர்களே! உங்கள் தெருவுக்கு ஒருவர் சிறையிலிருந்து திரும்பி வரும் நாளில் கதவுகள் சாத்தப்படுவதைக் கண்டிருப்பீர்கள். இனி அந்நாளில் நம் சங்கத்தின் கதவு திறந்திருக்கட்டும். உள்ளே, அவரை முன்பே அறிந்தவர் போல ஒருவர் அமர்ந்திருக்கட்டும்.